ஹோமோசிஸ்டீன்: இரத்தத்தில் தேங்கி நிற்கும் ஒரு நிலுவை



அண்மைக் காலமாக நம்மவர் சிலரின் கைகளில் தனியார் பரிசோதனை நிலையங்களின் இரத்த அறிக்கைகளைக் காண்கிறேன். "முழு உடற் பரிசோதனை" என்ற பெயரில் பணம் கட்டிச் செய்விப்பவை அவை. கொலஸ்ரரோல், சீனி, ஈரல், சிறுநீரகம் என்று நாம் பழகிய வரிகளுக்குக் கீழே "ஹோமோசிஸ்டீன்" என்றொரு வரி இருக்கிறது. அதற்கு நேரே 22 அல்லது 28 என்று ஓர் இலக்கம், பக்கத்தில் "உயர்வு" என்று சிவப்பு மையில் ஓர் அடையாளம். வருமான வரிப் படிவத்தோடு அந்தத் தாளையும் சேர்த்து நீட்டி, "இதையும் ஒருக்கால் பாருங்கோ தம்பி" என்கிறார்கள். கணக்காளனிடம் எந்த இலக்கத்தையும் கொடுக்கலாம் என்பது நம்மவர் நம்பிக்கை!

நான் வைத்தியன் அல்லன். வாசித்து விளங்கிக்கொண்டதை, என்னைப் போன்ற சாதாரணமானவர்களுக்கு விளங்கும் வகையில் எழுதுகிறேன். மருந்து பற்றிய முடிவு உங்கள் குடும்ப வைத்தியருடையது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இலக்கத்தைப் பார்த்து மாரடைப்பு வரப்போகிறது என்று நடுங்கவும் வேண்டாம், தாளை மடித்து லாச்சிக்குள் போட்டுவிடவும் வேண்டாம். சைவச் சாப்பாடு சாப்பிடும் நமது குடும்பங்களில் இந்த இலக்கம் பெரும்பாலும் வேறொரு குறையைச் சுட்டிக்காட்டுகிறது. அந்தக் குறையைக் கண்டுபிடிப்பது இலகு, தீர்ப்பதும் இலகு. கவனிக்காமல் விட்டாலோ நரம்பைப் பாதிக்கும்.

இது என்ன பொருள்?

நாம் உண்ணும் பருப்பு, பால், மீன், முட்டை எல்லாவற்றிலும் புரதம் உண்டு. அந்தப் புரதத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் தனது நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு இதைப் பயன்படுத்துகிறது. பயன்படுத்திய பின் மிஞ்சுவதே ஹோமோசிஸ்டீன். ஆகவே இது வெளியிலிருந்து வரும் நஞ்சு அல்ல. எவர் உடலிலும் ஒவ்வொரு நிமிடமும் உருவாகிக்கொண்டிருக்கும் ஓர் இடைப்பொருள். இதனை முதன்முதலில் 1932 இல் இனங்கண்டவர் அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சென்ற் டு விக்னோ. கந்தகச் சேர்மங்கள் பற்றிய ஆய்வுகளுக்காகப் பின்னர் 1955 இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

உருவான ஹோமோசிஸ்டீன் இரண்டு வழிகளால் வெளியேற வேண்டும். முதல் வழியில் அது திரும்பவும் மெதியோனினாக மாற்றப்படுகிறது. இதற்குப் போலிக் அமிலம் எனப்படும் போலேற்றும் விற்றமின் பி12 உம் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். இரண்டாவது வழியில் விற்றமின் பி6 இன் உதவியோடு அது சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறுகிறது. எங்காவது வழி அடைபட்டால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கும்.

க.பொ.த. உயர்தரத்தில் வணிகம் படித்தவர்களுக்குத் தொங்கற் கணக்கு நினைவிருக்கும். பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். தொங்கற் கணக்கில் ஒரு மீதி நிற்கிறது என்றால், ஏதோ ஒரு பதிவு செய்யப்படாமல் எங்கேயோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஹோமோசிஸ்டீனும் அப்படியே. அந்த மீதியை மாத்திரம் அழித்துவிட்டு, விடுபட்ட பதிவைத் தேடாமல் போவது கணக்கு அன்று.

பொதுவாக ஒரு லீற்றரில் 5 முதல் 15 மைக்குரோமோல் வரை சாதாரண அளவாகக் கொள்ளப்படுகிறது. 15 முதல் 30 வரை மிதமான உயர்வு, 30 முதல் 100 வரை இடைத்தர உயர்வு, 100 க்கு மேல் கடுமையான உயர்வு என்பர். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை சிறிது வேறுபடும். வயது கூடக் கூட இலக்கமும் சிறிது கூடும். ஆண்களுக்குப் பெண்களை விடச் சற்று அதிகம்.

இந்தப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. எடுத்த இரத்தத்தைக் குளிரில் வையாமலும், ஒரு மணித்தியாலத்துக்குள் செங்கலங்களைப் பிரிக்காமலும் விட்டால், அக்கலங்கள் குழாய்க்குள்ளேயே ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டிருக்கும். இலக்கம் பொய்யாக ஏறிவிடும். ஆகவே 17 என்று வந்தால் உடனே கலங்க வேண்டாம். இரத்தம் எங்கே எடுக்கப்பட்டது, எப்படி ஆய்வுகூடத்துக்குப் போனது என்று கேட்பதில் தவறில்லை.

மாரடைப்பு என்ற பயம் எங்கிருந்து வந்தது?

ஒரு நல்ல துப்பறியும் கதை போன்றது இது. 1962 இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் வளர்ச்சி குன்றிய சில பிள்ளைகளின் சிறுநீரில் இந்தப் பொருள் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். பிறப்பிலேயே வரும், மிக அரிதான பரம்பரை நோய் அது. இப்பிள்ளைகளுக்குக் கண்வில்லை இடம் பெயரும், எலும்புகள் நீளும், சிறு வயதிலேயே இரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்படும். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளின் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளியில் 2015 முதல் இந்த நோயையும் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் கில்மர் மக்கலி என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். 1930களில் அங்கே 8 வயதுச் சிறுவன் ஒருவன் பாரிசவாதத்தால் இறந்திருந்தான். அவனது குழாய்கள் முதியவர் ஒருவரின் குழாய்கள்போல் தடித்திருந்தன என்று பழைய பதிவேடு கூறியது. பல வருடங்களின் பின் அவனது உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்கு இதே பரம்பரை நோய் இருப்பது தெரிய வந்தது. மக்கலி பாதுகாக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பின்னர் முற்றிலும் வேறு நொதியக் குறைபாட்டால் இறந்த இரண்டு மாதக் குழந்தை ஒன்றின் குழாய்களையும் பார்த்தார். குறைபாடுகள் வேறு, ஆனால் குழாய்களின் சேதம் ஒன்றே. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது உயர்ந்த ஹோமோசிஸ்டீன். இதனை அவர் 1969 இல் வெளியிட்டு, சாதாரண மனிதரின் இருதய நோய்க்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றார்.

உலகம் அப்போது கொலஸ்ரரோல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மக்கலியின் ஆய்வுக்குப் பணம் வற்றியது. 1970களின் இறுதியில் அவர் ஹார்வர்டிலிருந்து வெளியேற நேர்ந்தது. வேறு வேலை கிடைக்க நீண்ட காலம் பிடித்தது. பின்னர் 1992 இல், ஏறத்தாழ 15,000 அமெரிக்க ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஹோமோசிஸ்டீன் மிக உயர்ந்திருந்த சிறு பகுதியினருக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வெளிவந்தது. உடனே காற்றுத் திசை மாறியது. பத்திரிகைகளெல்லாம் இதனை "புதிய கொலஸ்ரரோல்" என்று எழுதின. விற்றமின் விற்பவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றதற்குக் காரணமாக இருப்பது வேறு. காரணம் என்றால், இலக்கத்தைக் குறைத்தால் நோயும் குறைய வேண்டும் அல்லவா? அதைச் சோதித்தார்கள். கனடாவின் ஹமில்ரன் நகரிலிருந்து நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில் 5,522 பேர் பங்கெடுத்தனர். அவர்களிற் பாதிப் பேருக்குப் போலிக் அமிலமும் பி6 உம் பி12 உம் ஏறத்தாழ ஐந்து வருடங்கள் கொடுக்கப்பட்டன. ஹோமோசிஸ்டீன் இறங்கியது. ஆனால் மாரடைப்பும் இருதய மரணமும் குறையவில்லை. பாரிசவாதம் மாத்திரம் சிறிது குறைந்தது. அதே வருடம் நோர்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரில் செய்த ஆய்வில் இலக்கம் கால்பங்குக்கு மேல் இறங்கியும் பயன் எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2015 இல் சீனாவிலிருந்து வெளியான ஆய்வில் உயர் இரத்த அழுத்தமுள்ள 20,702 பேர் பங்கெடுத்தனர். அழுத்த மருந்தோடு போலிக் அமிலமும் எடுத்தவர்களில் 2.7 வீதத்தினருக்கு முதலாவது பாரிசவாதம் வந்தது. அழுத்த மருந்து மாத்திரம் எடுத்தவர்களில் 3.4 வீதத்தினருக்கு வந்தது. அங்கே மாவில் போலிக் அமிலம் சேர்ப்பதில்லை. உணவில் ஏற்கனவே குறைவாக இருந்தவர்களுக்கே பயன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். குறை இருந்த இடத்தில் நிரப்பினால் பலன் உண்டு, நிரம்பிய இடத்தில் மேலும் ஊற்றினால் பலன் இல்லை என்று நான் இதனை விளங்கிக்கொள்கிறேன்.

ஆகவே இருதயத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அழுத்தம், சீனி, கொலஸ்ரரோல், புகைத்தல், இடுப்பளவு என்ற பழைய ஐந்தையுமே கவனிக்க வேண்டும். "ஹோமோசிஸ்டீன் குறைப்பான்" என்று போத்தலில் ஒட்டி விற்கும் குளிசைகளை வாங்கிக்கொண்டு, வைத்தியர் தந்த ஸ்ரற்றினை நிறுத்தியவர்களையும் நான் அறிவேன். அது ஆபத்தான பரிமாற்றம்.

நம் வீடுகளில் விடுபட்ட பதிவு எது?

2001 இல் இந்தியாவின் பூனா நகரத்தில் 204 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 77 வீதத்தினருக்கு ஹோமோசிஸ்டீன் 15 க்கு மேல் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விற்றமின் பி12 குறைவு. இலண்டனும் இதில் பின்னிற்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, மேற்கு இலண்டனில் வாழும் தெற்காசியருக்கு ஐரோப்பியரை விட ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருப்பதையும், அதற்குப் பி12 உம் போலேற்றும் குறைவாக இருப்பதே பெருங் காரணம் என்பதையும் காட்டியது. அதற்கும் முன், 1985 இலேயே, ஹரோப் பகுதி மருத்துவர்கள் ஒரு வகை இரத்தச்சோகையால் பாதிக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட இந்திய நோயாளர் பற்றி எழுதினார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் மரக்கறி உண்ணும் இந்துக்கள். நம்மிற் பலர் இன்று வசிக்கும் அதே ஹரோதான்.

காரணம் எளியது. பி12 ஐ எந்த மரமும் செடியும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. அது நமக்கு வருவது பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான். கடற்பாசியிலும் ஸ்பிருலினாவிலும் பி12 இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். அவற்றில் இருப்பதிற் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

"நாங்கள் பால் குடிக்கிறோமே" என்பீர்கள். எவ்வளவு? ஒரு முழுக் கிளாஸ் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்குரோகிராமோ அதற்குச் சற்றுக் கூடவோ பி12 உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு இந்நாட்டில் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்கு 1.5 மைக்குரோகிராம், அமெரிக்காவிலும் கனடாவிலும் 2.4. காலைத் தேநீரில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி என்று விடும் பால் இந்தக் கணக்கை நிரப்பாது. பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் இருப்பதிலும் ஒரு பகுதி போய்விடும். கொலஸ்ரரோலுக்குப் பயந்து பாலை விட்டவர்களும், சளி என்று தயிரை விட்டவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. பாலுக்குப் பதிலாகச் சோயாப் பாலோ ஓட்ஸ் பாலோ வாங்குபவர்கள் பெட்டியிலுள்ள விபரத்தை வாசிக்க வேண்டும். பி12 சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு.

உடல் ஈரலில் பி12 ஐப் பல வருடங்களுக்குச் சேமித்து வைக்கும். ஆகவே குறை உடனே தெரியாது. ஊரில் மீன் சாப்பிட்டவர் இங்கு வந்து கோயிலோடு ஒன்றிச் சைவமானால், முதல் மூன்று நான்கு வருடங்கள் ஒன்றுமே தெரியாமல் போகும். சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும் குடும்பம்போல! பிறகுதான் களைப்பு, நாக்குப் புண், கால் விறைப்பு, மறதி, தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றாக வரும். இவையெல்லாம் வயதுக்கு வருபவைதானே என்று வீட்டில் உள்ளவர்களும் விட்டுவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆலயத்துக்கு வருபவர். பாதங்கள் மரத்துப் போகின்றன, இரவில் எரிகின்றன என்று இரண்டு வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். நீரிழிவு இருப்பதால் நீரிழிவின் கோளாறு என்றே எல்லோரும் எண்ணினார்கள். வீதி வலம் வரும்போது கால் எங்கே படுகிறதென்று தெரியாமல் தடுமாறி விழுந்த பிறகே பி12 பரிசோதிக்கப்பட்டது. மிகக் குறைவு. ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்களில் நடை தெளிந்தது, களைப்பும் போனது. ஆனால் விரல் நுனிகளில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. நரம்புக்கு நேர்ந்த சேதம் நீண்ட காலம் கவனிக்கப்படாமல் விட்டால் முழுவதும் மாறாது.

அவர் வருடக்கணக்காக எடுத்துவந்த குளிசை மெற்ஃபோமின். நீரிழிவுக்கு மிக நல்ல மருந்து, நிறுத்தக் கூடாதது. ஆனால் அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 குறைவு அதன் பொதுவான பக்க விளைவுகளில் ஒன்று என்று இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே 2022 இல் அறிவித்தது. சைவச் சாப்பாடு, வயது, மெற்ஃபோமின் என்ற மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கூட்டிப் பார்க்கக் கணக்காளன் தேவையில்லை. வயிற்றெரிவுக்கு நெடுங்காலம் ஒமெப்பிரசோல் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். பி12 ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அந்த அமிலத்தையே அக்குளிசை குறைக்கிறது. இன்னும் சிலருக்கு, உணவில் எவ்வளவு இருந்தாலும் பி12 ஐ உறிஞ்ச உதவும் புரதம் வயிற்றில் சுரக்காது. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஊசியே வழி. ஆகவே மீன், இறைச்சி சாப்பிடுபவர்கள் "எங்களுக்கு இது இல்லை" என்று இருந்துவிட வேண்டாம்.

போலிக் அமிலமும் ஓர் எச்சரிக்கையும்

போலேற் பற்றிய கதை நம் பகுதியோடு தொடர்புடையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 இல் பம்பாய்க்குப் போய், கர்ப்பிணிகளான நெசவாலைத் தொழிலாளிகளுக்கு வரும் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மலிவான ஒரு பண்டம் அதைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அந்தப் பண்டம் வேறொன்றுமல்ல, ஊரில் காய்ச்சலுக்குப் பின் அம்மா சுடுநீரில் கரைத்துத் தந்த அதே மார்மைற்! அதில் இருந்த பொருளைப் பின்னர் 1941 இல் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று இந்நாட்டுக் கடைகளில் உள்ள மார்மைற்றில் பி12 உம் சேர்க்கப்படுகிறது. சைவர்களுக்கு நல்லது, உப்பு அதிகம் என்பதை அழுத்தக்காரர் மறக்க வேண்டாம்.

போலேற் நம் சமையலில் தாராளமாக உண்டு. பருப்பு, பயறு, கடலை, கௌப்பி, உழுந்து, கீரைவகை எல்லாவற்றிலும் இருக்கிறது. கெடுப்பது நமது கைப்பக்குவந்தான். போலேற் நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நிறைய நீர் விட்டு அவித்து, நீரை வடித்து ஊற்றினால் பாதிப் பங்கு தொட்டிக்குள் போய்விடும். மூடி, குறைந்த நீரில், சிறிது நேரம் அவியுங்கள். கடையும் கீரையில் அவித்த நீரையும் சேருங்கள். முருங்கையிலை வறை செய்யும்போது அதிகம் வாட்ட வேண்டாம். விரத நாட்களில் ஒருநேரச் சோறும் ஒரு மரக்கறியுமாக நிறுத்தாமல், பயறோ கடலையோ அவித்துச் சேர்த்துக்கொள்ளலாம். விரதத்துக்கும் பழுதில்லை.

அமெரிக்காவும் கனடாவும் 1998 முதல் மாவில் போலிக் அமிலத்தைக் கட்டாயமாகச் சேர்த்து வருகின்றன. அவுஸ்திரேலியா 2009 இல் தொடங்கியது. பிரித்தானியா 2024 இல் சட்டம் கொண்டுவந்து, 2026 டிசம்பரை அதற்குரிய இறுதித் திகதியாக விதித்தது. தவிடு நீக்கிய கோதுமை மாவுக்கே இச்சட்டம். ஆகவே பாணிலும், அவித்த கோதுமை மாப் புட்டிலும் இடியப்பத்திலும் அது வரும். அரிசி மாவிலும் முழுக் கோதுமை ஆட்டா மாவிலும் வராது.

இனி அந்த எச்சரிக்கை. பி12 குறைவாக உள்ள ஒருவர் போலிக் அமிலக் குளிசையை மாத்திரம் அதிக அளவில் எடுத்தால், இரத்தச்சோகை மாறிவிடும். இரத்த அறிக்கை அழகாக வரும். ஆனால் நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். பேரேட்டில் திருத்தாமல் ஐந்தொகையை மாத்திரம் அழகுபடுத்தியது போன்றது இது. ஹோமோசிஸ்டீன் உயர்வு என்று கண்டவுடன் கடையில் போலிக் அமிலம் வாங்கி விழுங்க வேண்டாம் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனாற்றான். முதலில் பி12 எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

பி6 குளிசையிலும் கவனம் வேண்டும். விற்றமின்தானே, கூடினால் என்ன என்று எண்ணுகிறோம். பி6 அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே கை கால் நரம்புகளைப் பாதித்து விறைப்பை உண்டாக்கும். வைத்தியர் சொன்னாலன்றி நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது இந்நாட்டுச் சுகாதார சேவையின் அறிவுரை. கடையில் 50, 100 மில்லிகிராம் குளிசைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

தாய்மை அடைய எண்ணும் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரம் என் பேச்சு வேறு. கருத்தரிக்க முன்பிருந்தே, பன்னிரண்டு வாரம் வரை, நாளொன்றுக்கு 400 மைக்குரோகிராம் போலிக் அமிலம் அவசியம். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்வதற்கு அது உதவும். 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், முன்பு அத்தகைய குறைபாட்டோடு குழந்தை பிறந்தவர்களுக்கும் இன்னும் கூடிய அளவு வைத்தியர் தருவார். சைவச் சாப்பாடு உண்ணும் பெண்கள் கூடவே பி12 ஐயும் பார்த்துக்கொள்வது நல்லது. தாய்க்கு மிகக் குறைவானால் தாய்ப்பாலிலும் குறைவாகவே இருக்கும்.

வைத்தியரிடம் என்ன கேட்பது?

ஹோமோசிஸ்டீன் உயர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டால் உயரும், தைரொயிட் சுரப்பி மந்தமானால் உயரும். புகைத்தல், மதுபானம், அளவுக்கு மிஞ்சிய கோப்பி, வலிப்புக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகள் இவையும் சேரும். எம்ரிஎச்எவ்ஆர் என்ற மரபணு பற்றி இப்போது பலர் கதைக்கிறார்கள். அதன் ஒரு வடிவம் இலக்கத்தைச் சிறிது உயர்த்துவது உண்மை. ஆனால் அது சனத்தொகையில் மிகப் பரவலாக உள்ள ஒன்று. அதற்காகப் பணம் கொடுத்துப் பரிசோதிப்பது வீண் என்றே மரபணு மருத்துவர் சங்கங்கள் சொல்கின்றன.

குடும்ப வைத்தியரிடம் போய் "ஹோமோசிஸ்டீன் 24, என்ன செய்வது?" என்று கேட்டால், "அந்தப் பரிசோதனையை நாங்கள் செய்வதில்லை" என்ற பதிலோடு பத்து நிமிடம் முடிந்துவிடும். அப்படிக் கேட்காமல், "நான் சைவம், இத்தனை வருடமாக மெற்ஃபோமின் எடுக்கிறேன், கால் விறைக்கிறது, பி12 பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். இந்நாட்டில் 2024 இல் வெளியான வழிகாட்டி பி12 குறைவுக்கான அறிகுறிகளோடு இந்த ஆபத்துக் காரணங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்துகிறது. அதன்படி லீற்றருக்கு 180 நனோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு உறுதி. 180 இலிருந்து 350 வரை தெளிவற்ற இடம், அறிகுறி இருந்தால் மேலும் ஒரு பரிசோதனை செய்யலாம். "சாதாரண அளவு" என்று வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னாலும், இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். 190 உம் 600 உம் ஒன்றல்ல. தயவுசெய்து சிறுநீரகம், தைரொயிட் இரண்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

குறைவு உணவினால் என்றால் குளிசையே பெரும்பாலும் போதும். நரம்புக் கோளாறு தொடங்கியிருந்தால் ஊசி. முதலில் அடிக்கடி போட்டு, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாக நீளும். பி12 நிரம்பியதும் ஹோமோசிஸ்டீன் சில வாரங்களில் தானாகவே இறங்கும். இறங்காவிட்டால் வேறு காரணம் இருக்கிறது, மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும். நரம்புக்கு மாதங்கள் பிடிக்கும். முதல் மாதத்தில் கால் எரிவு குறையவில்லை என்று ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இரத்தம் கொடுக்குமுன் கடையில் வாங்கிய விற்றமின் குளிசைகளை எடுக்கத் தொடங்க வேண்டாம். ஒரு வாரம் பி12 எடுத்துவிட்டுப் போனால் இலக்கம் உயர்ந்து காணப்படும், உண்மையான குறை மறைந்துவிடும். ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன குளிசை, எவ்வளவு காலமாக என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், போத்தலையே கையில் கொண்டுபோனாலும் நல்லது.